குதிக்கால் நோ மாசக்கணக்கில் இழுபட்டால்: முறையைப் பேசுவம்

உவர்மலைக்காரன்
குதிக்கால் நோவைப் பற்றி இங்கே துண்டு துண்டாகக் கனக்கப் பேசியாச்சு. ஒருவர் ஐஸ் வை என்பார், மற்றவர் செங்கல்லைச் சுடவைத்து மிதி என்பார், மூன்றாமவர் முள் வளர்ந்திருக்கு, வெட்டத்தான் வேணும் என்று பயமுறுத்துவார். எல்லாத்தையும் ஒரே இழைக்குள் கொண்டுவருவம். யாருக்கு எப்ப வந்தது, எந்தக் கோயிலுக்கு நேர்ந்து போனது என்ற கதைகள் வேண்டாம். செய்யிற முறை, அளவு, எங்கே பிழைக்குது, ஏன் பிழைக்குது என்று மட்டும் எழுதுங்கோ. மனதில் வைக்க வேண்டிய ஆள் இவர்: வயது நாற்பது ஐம்பது. திருகோணமலையில் ஒரு கடையிலோ பள்ளிக்கூடத்திலோ சீனன்குடாப் பக்கம் ஆலையிலோ நாள் முழுக்க நிற்கிறார். வீட்டில் சீமெந்துத் தரையில் வெறுங்கால், வெளியில் பாட்டா ரப்பர்ச் செருப்பு. விடிய எழும்பினால் முதல் அடி வைக்கேலாது. ஆறு கிழமை தாண்டியும் போகவில்லை.

இயன்முறை
அந்த முதல் அடிதான் பெரிய அடையாளம். குதிக்கால் எலும்பின் அடியில், உட்பக்கமாகத் தொடங்கி விரல்களின் அடிவரை ஓடுகிற தடித்த பட்டி ஒன்று இருக்கு. பிளான்டர் ஃபேசியா என்பார்கள். நான் அடிநார் என்று எழுதுகிறேன். நித்திரையில் பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து கிடக்கும், அடிநார் தளர்ந்து சுருங்கியிருக்கும். எழும்பி முழுப் பாரத்தையும் போட்டவுடன் இழுபட்டு நோகும். இருபது முப்பது அடியில் இளகும். பகல் முழுக்க நின்றால் பின்னேரம் திரும்ப வரும்.

சோதிக்கிற விதம்: குதிக்கால் மெத்தை முடிந்து உள்வளைவு தொடங்கும் இடத்தை, உட்பக்கமாகப் பெருவிரலால் அழுத்துங்கோ. ஒரு நாணயத்தின் அளவு இடத்தில் சுள்ளென்றால் அநேகமாக இதுதான். படி விளிம்பில் விரல்கள் வெளியே நீட்டியிருக்க நின்று, இன்னொருவரைக் கொண்டு கால் பெருவிரலை மேல்நோக்கி மடக்கிப் பார்க்கலாம். அதே இடத்தில் நோ வந்தால் சந்தேகம் உறுதியாகும். வராவிட்டால் இல்லை என்று அர்த்தமில்லை.

இந்த வருத்தத்தைப் பிளான்டர் ஃபேசைட்டிஸ், அதாவது அடிநார் அழற்சி என்பார்கள். பெயரிலே அழற்சி இருந்தாலும், மாசக்கணக்கில் இழுபட்ட நாரில் அழற்சியை விட நைந்துபோன கொலாஜன் இழைகள்தான் அதிகம். நார் தாங்கக்கூடிய பாரத்துக்கும் நாங்கள் ஏற்றுகிற பாரத்துக்கும் கணக்குப் பிழைத்த வருத்தம் இது. ஏற்றுகிறதைக் கொஞ்சம் குறைக்க வேணும், தாங்குகிறதைக் கூட்டவும் வேணும். ஒன்றை மட்டும் செய்கிறவர்களுக்குத்தான் வருசம் தாண்டியும் இழுபடுது.

மூதூர்_படகு
எக்ஸ்ரேயில் முள் தெரிந்தால்? அதைக் கண்டாலே பாதிப்பேர் பயந்து நடையை விட்டுவிடுகினம்.

இயன்முறை
நோவே இல்லாத கனபேரின் கால்களிலும் அந்த முள் இருக்கு. நோ முழுதாகப் போன பிறகு படம் எடுத்தாலும் முள் அங்கேயேதான் நிற்கும். அது பெரும்பாலும் அடிநாருக்குள்ளும் இல்லை, அதற்கு மேலேயுள்ள சிறு தசை பிடிக்கும் இடத்தில் வளருது. தரையைக் குத்துகிற ஆணி என்ற படத்தை மனதிலிருந்து எடுத்துவிடுங்கோ. எக்ஸ்ரே எடுப்பது எலும்பு வெடிப்பு மாதிரி வேறு ஏதும் இருக்கா என்று பார்க்க. நாரைப் பார்க்க வேணுமென்றால் அல்ட்ராசவுண்ட் ஸ்கான்தான். அதில் நாரின் தடிப்பு 4 மில்லிமீற்றருக்கு மேல் போயிருந்தால் இந்த வருத்தத்தோடு பொருந்தும்.

தோல்வார்
பாரம் குறைக்கிற பக்கத்தை நான் சொல்லுறன், அது செருப்பில்தான் தொடங்குது.

பாட்டாவில் என்ன குறை? மெல்லிசு என்பது மட்டுமில்லை. பின்பக்கம் பிடி இல்லாததால் ஒவ்வொரு அடிக்கும் விரல்களை மடக்கி அதை இறுக்கிப் பிடிக்க வேணும். நாள் முழுக்க அடிப்பாதத் தசைக்கு ஓய்வில்லை. ஆறு மாசம் பாவித்த சோடியைத் திருப்பிப் பாருங்கோ, குதி இருக்கிற இடம் குழி விழுந்திருக்கும். முன்பக்கத்தை விடக் குதி தாழ்ந்த செருப்பில் கெண்டைக்கால் பின்னுக்கு இழுபடும், அந்த இழுவை நேராக அடிநாருக்குப் போகும்.

வாங்கும்போது கடையிலேயே மூன்று சோதனை. மடக்கிப் பாருங்கோ: விரல் மடங்கும் இடத்தில் மடங்க வேணும், நடுவில் மடங்கினால் வைத்துவிடுங்கோ. துணி பிழிகிற மாதிரி முறுக்கிப் பாருங்கோ: லேசாக முறுகக் கூடாது. குதி, முன்பக்கத்தை விட ஒன்று ஒன்றரை சென்ரிமீற்றர் உயர்ந்திருக்க வேணும். பின்வார் உள்ள சாண்டல்ஸ் போதும், விலைகூடின சப்பாத்துத்தான் வேணும் என்றில்லை.

மெத்தை என்று பஞ்சு மாதிரி ஸ்பொஞ்சை வாங்கிச் செருகுவார்கள். பெருவிரலால் அழுத்தினால் அடியைத் தொடுகிற ஸ்பொஞ்ச் இரண்டு கிழமையில் கடதாசி ஆகிவிடும். அழுத்தினால் பாதி இறங்கி, விட்டவுடன் எழும்புகிற எம்.சி.ஆர் (நுண்துளை) ரப்பர் நல்லது. குதிக்கு 6 முதல் 8 மில்லிமீற்றர் தடிப்பில் வெட்டி, முன்விளிம்பைச் சரிவாகச் சீவுங்கோ. சீவாவிட்டால் அந்த விளிம்பே வளைவில் குத்தும். நோகிற இடத்துக்கு நேரே ஓட்டை வெட்டுவது பழைய முறை, வெட்டினால் ஓட்டையின் ஓரம் அழுத்தும். வெட்டாமல் விடுவது நல்லது. நோ ஒரு காலில் என்றாலும் இரண்டு செருப்புக்கும் போட வேணும், இல்லாவிட்டால் கால் உயரம் வித்தியாசப்பட்டு நாரி (இடுப்பு) பிடிக்கும்.

வீட்டுக்குள்ளும் ஒரு சோடி. இதுதான் ஒருவரும் கேட்காத விசயம். வெளியில் நல்ல சப்பாத்துப் போட்டு, குசினியில் நாலு மணித்தியாலம் மாபிள் தரையில் வெறுங்காலோடு நின்றால் என்ன பலன்?

கிளினிக்_அக்கா
தோல்வார் அண்ணை சொன்ன செருப்புக் கணக்கு சீனி வருத்தக்காரருக்கு இரண்டு மடங்கு முக்கியம். ஆனால் அவர்கள் இந்த இழையில் உள்ள எதையும் தொடங்க முதல் பாதத்தில் உணர்வு இருக்கா என்று பார்க்க வேணும். 10 கிராம் நைலோன் இழையால் கிளினிக்கில் பார்க்கலாம், ஒரு நிமிச வேலை. உணர்வு குறைந்தவருக்கு ஐஸ், சுடுதண்ணி, பந்து உருட்டல், ஒட்டுப்பட்டி எதுவும் வேண்டாம். புது மெத்தை போட்டால் முதல் நாள் ஒரு மணித்தியாலம் மட்டும் போட்டுக் கழற்றி, சிவப்பு இருக்கா என்று பாருங்கோ.

இன்னுமொன்று. எரிவு, ஊசி குத்துகிற மாதிரி, மரப்பு இருந்தால் அது நரம்பு. நடக்க நடக்க இளகாது. உணர்வில்லாத தேமல் உடம்பில் எங்கேயாவது இருந்தாலும் மறைக்காமல் காட்டுங்கோ, தொழுநோய் இன்னும் எங்கள் நாட்டை விட்டுப் போகவில்லை.

உவர்மலைக்காரன்
சரி, இனி தாங்குகிறதைக் கூட்டுகிற பக்கம். இயன்முறை, அளவோடு எழுதுங்கோ.

இயன்முறை
மூன்று வேலை.

முதலாவது கட்டிலை விட்டு இறங்க முதல். இருந்தபடி நோகிற காலை மற்றத் தொடைக்கு மேல் போட்டு, ஐந்து விரல்களையும் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக இழுங்கோ. மற்றக் கையால் அடிப்பாதத்தைத் தடவினால் நார் வீணைக் கம்பி மாதிரி விறைத்து நிற்க வேணும். விறைக்கவில்லையென்றால் கணுக்காலும் சேர்ந்து மடங்கவில்லை என்று அர்த்தம், அதையும் மேலே கொண்டுவாருங்கோ. 10 செக்கன் பிடித்து விடுவது, 10 தடவை. நாளுக்கு மூன்று முறை, அதில் ஒன்று கட்டாயம் முதல் அடிக்கு முன். எழும்பி மலசலகூடம் போய் வந்து செய்வதால் அரைவாசிப் பலன் போய்விடும்.

இரண்டாவது கெண்டைக்கால். சுவரில் கை ஊன்றி, நோகிற காலைப் பின்னுக்கு வைத்து, குதி தரையில் ஒட்டியிருக்க முன்னுக்குச் சாய்வது. முழங்கால் நேராக 30 செக்கன், பிறகு முழங்காலை லேசாக மடக்கி 30 செக்கன். இரண்டும் வேறு வேறு தசை, ஒன்றோடு நிறுத்தக் கூடாது. மூன்று சுற்று. பாதம் நேராக முன்னுக்குப் பார்க்க வேணும். வெளியே திருப்பி நின்றால் வளைவு சரிந்து நார்தான் இழுபடும்.

மூன்றாவதுதான் மருந்து. 2014இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஆய்வின் முறை இது. ஒரு படியில் முன்பாதத்தை வைத்து, குதி வெளியே தொங்க நிற்பது. விரல்களுக்குக் கீழே சுருட்டிய துவாய், விரல்கள் நன்றாக மேலே மடங்குகிற அளவு தடிப்பாக. பெருவிரல் மேலே மடங்கினால் அடிநார் தானாக இறுகும், அந்த இறுக்கத்தோடு பாரம் ஏற்றுவதுதான் சூட்சுமம். 3 செக்கனில் குதியை உயர்த்து, மேலே 2 செக்கன் நில், 3 செக்கனில் இறக்கு. ஒரு காலில் 12 தடவை, மூன்று சுற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டு கிழமைக்குப் பிறகு முதுகுப்பையில் பாரம் போட்டு 10 தடவை நாலு சுற்று, நாலு கிழமைக்குப் பிறகு இன்னும் பாரம் கூட்டி 8 தடவை ஐந்து சுற்று. ஒன்றரை லீட்டர் தண்ணிப் போத்தலின் பாரம் ஒன்றரைக் கிலோ, பாரம் கணக்குப் பார்க்க அதைவிட லேசான வழியில்லை. அந்த எண்ணிக்கைக்கு மேல் ஒன்றுகூடச் செய்யேலாது என்கிற அளவுதான் சரியான பாரம். ஒரு காலில் ஏலாதவர் இரண்டு காலிலும் தொடங்கலாம்.

அந்த ஆய்வில் மூன்றாம் மாசத்தில் இப்படிச் செய்தவர்கள் வெறும் இழுவை செய்தவர்களை விட நன்றாக இருந்தார்கள். ஒரு வருசத்தில் இரண்டு பகுதியும் கிட்டத்தட்டச் சமமாக வந்தது. அதாவது இது விரைவாகக் கொண்டுபோகிற வழி, ஒரே வழி இல்லை.

விசில்
இதைப் பழக்குகிற இடத்தில் பிழைப்பது அநேகமாக நாலு விதம். ஒன்று, துள்ளுவது. 3-2-3 என்று வாயால் எண்ணாவிட்டால் எல்லாரும் துள்ளத் தொடங்குவார்கள். இரண்டு, துவாயைத் தட்டையாக மடித்துப் போடுவது. மூன்று, நல்லது என்று நினைத்துத் தினமும் செய்வது, நாருக்கு நடுவில் ஓய்வு நாள் வேணும். நாலாவது, மூன்றாம் கிழமையில் நோ குறையவில்லை என்று விடுவது. அந்த நேரம் பொதுவாக ஒன்றும் குறையாது.

நோ எவ்வளவு வரலாம் என்று கேட்பார்கள். செய்யும்போது பத்துக்கு நாலு வரலாம். ஆனால் தீர்ப்புச் சொல்வது அடுத்த நாள் விடிய வைக்கிற முதல் அடி. அது வழமையை விடக் கூடினால் நேற்றுப் போட்ட பாரம் கூட. சுற்றில் ஒன்றைக் குறையுங்கோ, நிறுத்த வேண்டாம். கலண்டரில் தினமும் ஒரு எண் எழுதி வைத்தால் ஒரு மாசத்தில் போக்கு விளங்கும்.

கிண்ணியா_பாலம்
இங்கே கேக்கிறதுக்கு ஒரு விசயம். தொழுகையில நெத்திய நிலத்துல வைக்கிற சுஜூதுல விரலை மடிச்சு ஊண்டுற நேரம் சிலருக்கு நல்லா நோகுது. விரலை மடிக்காம வைக்கிறாங்க. விடியத் தொழுற சுபஹுக்குத்தான் ஆகக் கூட. அது நாருக்குக் கூடாதா?

இயன்முறை
கூடாது இல்லை, அந்த மடிப்பு மேலே சொன்ன முதல் பயிற்சியேதான். சுபஹில் நோகக் காரணம் கட்டிலால் இறங்கியவுடன் செய்வது. தொழ முதல் கைகால் கழுவுகிற வுழூவுக்குப் போக முதல் கட்டிலில் இருந்தபடி பத்துத் தடவை இழுத்துவிட்டு, வீட்டுச் செருப்போடு நடந்து போகச் சொல்லுங்கோ. தொழுகிற இடத்தில் மாபிளுக்கு மேல் தடித்த விரிப்பு. அப்படியும் ஏலாதென்றால் கதிரையில் இருந்து தொழுவதைப் பற்றி மௌலவியிடம் கேட்கட்டும், அது என் துறை இல்லை.

நொச்சி
சூட்டைப் பற்றி ஒருவரும் முறையாக எழுதவில்லை. சித்த மருத்துவத்தில் இது குதிகால் வாதம், வாதத்துக்குச் சூடுதான் முறை. சுட்ட செங்கல்லில் எருக்கிலை வைத்து மிதிப்பது சும்மா வந்த வழக்கமில்லை.

கிளினிக்_அக்கா
நொச்சி தம்பி, வழக்கத்தைக் குறை சொல்லவில்லை, ஆனால் கல்லின் சூட்டை எதால் அளக்கிறது? செங்கல் சூட்டை நெடுநேரம் வைத்திருக்கும், மேல் ஆறினது போலத் தெரியும். குதிக்கால் தோல் தடிப்பு, சுடுவது பிந்தித்தான் தெரியும். உணர்வு குறைந்த காலில் தெரியவே தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் காண்பார்கள். எருக்கம்பால் தோலை எரிக்கும், கண்ணில் பட்டால் இன்னும் மோசம்.

நொச்சி
ஒத்துக்கொள்ளுறன் அக்கா. சீனி வருத்தக்காரருக்குக் கல் வேண்டாம். மற்றவர்களுக்கும் கல்லுப்பு ஒத்தடம் பாதுகாப்பு: இரண்டு கைப்பிடி உப்பைச் சட்டியில் வறுத்து, இரட்டைத் துணியில் முடிந்து, முன்கையின் உட்பக்கத்தில் வைத்து ஐந்து செக்கன் தாங்கினால் மட்டும் காலுக்கு. பத்து நிமிசம். குதிக்காலை விடக் கெண்டைக்காலுக்குக் கொடுத்தால் பலன் கூட. தைலம் என்றால் கெண்டைக்காலில் இருந்து கீழ்நோக்கி நீவுவது. எண்ணெய்க் காலோடு மாபிளில் நடக்காதேங்கோ, துடைத்துவிட்டு இறங்குங்கோ.

இயன்முறை
அப்படியென்றால் எனக்கும் ஆட்சேபம் இல்லை. சூடு கெண்டைக்காலை இளக்கும், இழுவைப் பயிற்சிக்கு முன் நல்லது. ஐஸ் நோவை மரக்கப்பண்ணும், நாள் முழுக்க நின்ற பிறகு இரவில் நல்லது. இரண்டும் நாரைத் திருத்தாது. கன்னியா வெந்நீரூற்றும் அப்படியே, குளித்துவிட்டு வாங்கோ, அன்றைக்குச் சுகமாக இருக்கும்.

ஐஸுக்கு 500 மில்லிப் போத்தலில் முக்கால்வாசி தண்ணி விட்டு உறையவைத்து, காலுறை போட்ட பாதத்தால் ஐந்து பத்து நிமிசம் உருட்டுங்கோ. முழுக்க நிரப்பினால் உறையும்போது வெடிக்கும்.

தோல்வார்
ஒட்டுப்பட்டி பற்றி ஒருவரும் எழுதவில்லை. ஒரு கலியாணம், ஒரு பயணம் என்று இரண்டு நாள் கட்டாயம் நிற்க வேணுமென்றால் அதுதான் கைகொடுக்கும். இழுபடாத சிங்க் ஒக்சைட் பட்டி, 38 மில்லிமீற்றர் அகலம்.

இயன்முறை
உண்மை, அதைத் தவறவிட்டேன். பாதத்தைக் கழுவித் துடைத்து, ஈரம் முழுக்கப் போகவிடுங்கோ. சின்னவிரலின் அடிமூட்டுக்குப் பின்னால் தொடங்கி, குதியைப் பின்பக்கமாகச் சுற்றி, பெருவிரலின் அடிமூட்டுக்குப் பின்னால் முதல் பட்டியை முடியுங்கோ. பிறகு அடிப்பாதத்துக்குக் குறுக்கே, வெளிப்பக்கமிருந்து உட்பக்கம் இழுத்து, வளைவைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி மூன்று நாலு பட்டி, ஒன்றின் பாதி மற்றதன் மேல். கடைசியில் முதல் பட்டி போன வழியே இன்னொன்று. மேற்பாதத்தைச் சுற்றி வளையமாக மூடக் கூடாது, நின்றவுடன் பாதம் அகலும், இறுகும். விரல் நிறம் மாறினால், விறைத்தால் உடனே கழற்றுங்கோ. எங்கள் ஊர் வியர்வைக்கு இரண்டு நாள் தாக்குப்பிடித்தால் பெரிய காரியம். உரிக்கும்போது நல்லெண்ணெய் தடவி உரித்தால் தோல் வராது.

மூதூர்_படகு
ஊசி? கனபேர் அதைத்தான் கேட்டுப் போகினம்.

கிளினிக்_அக்கா
ஸ்ரீரொயிட் ஊசி முதல் மாசம் நல்ல சுகம் தரும், பிறகு அந்தச் சுகம் தேயும். திரும்பத் திரும்பப் போட்டால் குதிக்கால் கொழுப்பு மெத்தை தேயலாம், நார் அறுந்தும் போகலாம். மெத்தை தேய்ந்தால் திரும்ப வளராது. சீனி வருத்தக்காரருக்குச் சில நாள் சீனி ஏறும், அந்த நாட்களில் கூடுதலாகப் பாருங்கோ. நோ இல்லை என்று அடுத்த நாளே ஓடக் கூடாது. டைக்குளோபினக், இபுபுரூபன் மாதிரியான மாத்திரைகளைப் பாமசியில் தாங்களாகவே வாங்கி மாசக்கணக்கில் விழுங்குவது இன்னும் பிழை, வயிறும் சிறுநீரகமும் பிரசரும் சேர்ந்து கெடும்.

விசில்
பிள்ளைகள் பற்றி ஒரு சொல். எட்டு வயதுக்கும் பதினாலுக்கும் இடையில் விளையாடுகிற பிள்ளை குதிக்கால் நோகுது என்றால் அது அடிநார் இல்லை, பெரும்பாலும் குதிக்கால் எலும்பின் வளர்ச்சித் தட்டு. பின்பக்கத்தை இரண்டு பக்கமும் பிடித்து அமத்தினால் நோகும். ஓட்டத்தைக் குறைத்து, குதிக்குச் சிறு உயர்த்தி வைத்தால் போதும். மேலே சொன்ன படிப் பயிற்சியை அவர்களுக்குக் கொடுக்காதேங்கோ.

பெரியவர்களுக்கு இந்த நோ கிளம்புவது அநேகமாகத் திடீரென்று நடை கூடின கிழமையில். கோணேசர் நகர்வலம், கதிர்காமப் பாதயாத்திரை, திடீர் உடற்பயிற்சி வைராக்கியம். பாதயாத்திரைக்குப் போகிறவர் இரண்டு மாசம் முதலே கிழமைக்குப் பத்தில் ஒரு பங்கு வீதம் நடையைக் கூட்டட்டும், வெறுங்காலையும் அந்தக் கணக்கிலேயே பழக்கட்டும். உப்புவெளி, நிலாவெளிக் கரையில் நடப்பவர்கள் காய்ந்த மணலை விடுங்கோ, குதி புதைந்து கெண்டைக்கால் இழுபடும். ஈர மணல் இறுக்கம், ஆனால் சரிவு, போன தூரத்தைத் திரும்பி நடந்தால் இரண்டு காலுக்கும் சமன்.

உவர்மலைக்காரன்
எந்த நோவுக்கு வீட்டில் மினக்கெடாமல் வைத்தியசாலைக்குப் போக வேணும்?

இயன்முறை
குதிக்கால் எலும்பை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் நெரித்தால் கடுமையாக நோவது, நடக்க நடக்கக் கூடுவது: எலும்பு வெடிப்பு. இரவில் படுத்திருக்கும்போதும் விடாத நோ, காய்ச்சல், மெலிவு. 'டொக்' என்ற சத்தத்தோடு வந்து அடிப்பாதம் கண்டிப்போவது. நாற்பதுக்குக் குறைந்த வயதில் இரண்டு குதிக்காலும் நொந்து, விடிய நாரி அரை மணித்தியாலத்துக்கு மேல் விறைத்திருந்தால் அது மூட்டுவாத வகை, குதிக்காலை மட்டும் பார்த்து மருந்து எடுக்கக் கூடாது. குதிக்காலின் நடுவில், வெறுங்காலில் மட்டும், கல்லில் நிற்கிற மாதிரி நொந்தால் கொழுப்பு மெத்தைத் தேய்வு. அதற்குப் பயிற்சியை விடத் தோல்வார் அண்ணையின் ரப்பர்தான் மருந்து.

கிண்ணியா_பாலம்
கடைசியா ஒண்டு. படி இல்லாத வீட்டுல என்ன செய்ற? துவாயும் மாபிள்ல வழுக்குது.

தோல்வார்
சுவர் ஓரமாக இரண்டு செங்கல்லைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து, அதற்கு மேல் இரண்டு அங்குலத் தடிப்பில் பலகைத் துண்டு. கீழே பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி விரித்தால் நகராது. துவாயை இறுக்கிச் சுருட்டி, இரண்டு முனையிலும் டியூப் வளையம் மாட்டுங்கோ, அது பலகையில் பிடிக்கும். பலகையின் விளிம்பை அரத்தால் உருட்டிவிட மறக்காதேங்கோ, வெறுங்காலில் குத்தும்.